பெர்மீலியாவின் பலகை

1846ஆம் ஆண்டு குளிர்காலத்தில், அமெரிக்காவின் மிசூரி ஆற்றங்கரை மேட்டைக் குடைந்த ஒரு குழிவீட்டில் தெர்சா ஹேக்கெட் தன் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். மார்மன் என்ற புதிய கிறிஸ்தவப் பிரிவினர் என்று சொந்த ஊரை விட்டு விரட்டப்பட்டவர்கள் அவர்கள். மேற்கே போகிற வழியைப் பனி மறித்துவிட்டது. கணவன் ஆல்வா பட்டாளத்தில் சேர்ந்து தெற்கே போயிருந்தான்.

ஜனவரியில் நாலு வயது பெர்மீலியா இருமி இருமியே செத்துப்போனாள். தரையில் தீ மூட்டி மண்ணை இளக்கித்தான் குழி தோண்ட முடிந்தது. தெர்சா வண்டியின் பின்பலகையைக் கழற்றி, காய்ச்சிய கம்பியால் மகளின் பெயரைச் சுட்டு, தலைமாட்டில் நட்டாள்.

மறுமாதம் போய்ப் பார்த்தபோது பலகையைக் காணோம். அடுத்த குழிவீட்டு சில்ஃபா வெளியே கொட்டியிருந்த சாம்பலில் அந்தப் பலகையில் இருந்த வண்டி ஆணிகள் கிடந்தன. உள்ளே பத்து நாள் குழந்தை அழுதுகொண்டிருந்தது. தெர்சா ஒன்றும் கேட்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

மார்ச்சில் தெர்சாவுக்கும் கால் கறுத்தது, ஈறு அழுகியது. உப்புக்கறியும் மக்காச்சோளக் கூழுமே தின்றவர்களுக்கு வந்த நோய் அது. பலரைக் கொண்டுபோயிருந்தது. பாழடைந்த பழைய கோட்டைத் தோட்டத்தில் காரமுள்ளங்கிக் கிழங்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, சில்ஃபா பனியில் அரை நாள் நடந்துபோய் ஒரு சாக்கு தோண்டி வந்தாள். அரைத்து ஊட்டினாள்.

"வாயத் தொற அக்கா."

"எரியுதுடி, பாவி!"

"திட்டத் தெம்பு வந்துருச்சுல்ல, முழுங்கு."

நாலாம் நாள் சில்ஃபாவே ஆரம்பித்தாள். "பாப்பா பலகைய எரிச்சது நான்தான் அக்கா. வெறகே இல்ல. புள்ள நீலம் பாரிச்சுப் போச்சு."

"தெரியும். ஆணி உன் சாம்பல்ல கெடந்துச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா பலகை வந்துருமா? உன் புள்ள பொழைச்சுட்டான், சரி. ஆனா எனக்கு மனசு ஆறலடி. அதையும் சொல்லிடுறேன்."

1848இல் இருவரும் தங்கள் பிள்ளைகளோடு ஒரே வண்டியில் மேற்கே போனார்கள். உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் ஆல்வா காத்திருந்தான். தெர்சா எழுபத்தாறு வயது வரை இருந்தாள். கிழக்கே யார் போனாலும், "மேட்டுல எம் பொண்ணு குழி, மூணாவது வரிசை, ஆத்தப் பாத்த மாதிரி. பாத்துட்டு வாங்க" என்பாள்.

ஒரு வண்டிக்காரர் பார்த்துவிட்டு வந்தார். "உழுது சோளம் போட்டிருக்காங்கம்மா. ஒரு அடையாளமும் இல்ல."

"சோளம் நல்லா வந்திருந்துச்சா?"

"ஆளுயரம்."

தெர்சா தலையாட்டினாள். பிறகு இரண்டு தெரு தள்ளி இருந்த சில்ஃபாவிடம் போய்ச் சொன்னாள். அன்று இருவரும் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.