எழுந்து கொடுக்காத டீலர்

“டீலரா உக்காந்தா தாங்குவியாம்மா நீ?”

சீட்டுக்குப் பதில் ‘டைல்’ என்ற சின்னக் கட்டைகளை வைத்து ஆடும் ஜப்பானிய மாஜோங் ஆட நான் முதன்முதலில் போனபோது முசியே கேட்டது இது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீட்டுக்காரர். பிரெஞ்சில் ‘ஐயா’ என்ற அர்த்தத்தில் எல்லோருக்கும் அவர் முசியேதான். ஞாயிறு மதியம் அவர் வீட்டு மாடியில் ஆட்டம். என் அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர் என்று தெரிந்த பிறகு அவர் குரலில் இரக்கமும் சேர்ந்துகொண்டது. அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜ் படித்த நாட்களில், எங்கள் குப்பமான பிள்ளைச்சாவடியிலிருந்து போகிற பஸ்ஸில், போனில் ஆடியே இதைக் கற்றேன்.

நான்கு பேர் ஆட்டத்தில் டீலர் பதவி முறை வைத்துச் சுற்றிவரும். டீலர் ஜெயித்தால் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு புள்ளி; பதவியும் அவரிடமே நிற்கும். இன்னொருவர் தானே எடுத்த டைலில் ஜெயித்தால், டீலர் மற்றவர்களைப்போல் இரு மடங்கு கொடுக்கவேண்டும். ஆகவே டீலருக்கு அழகு முக்கியமில்லை, வேகம்தான். குறைந்த புள்ளி தரும் சின்னக் கையானாலும் முடி, மறுபடி ஆடு. இதில் புரியாதது என்ன இருக்கிறது?

அந்த மாடியில் யாருக்கும் புரியவில்லை. டீலர் இடத்தைக் கல்யாண வீட்டு முன்வரிசை நாற்காலியாக ஆக்கிவைத்திருந்தார்கள். ஒருமுறை ஜெயித்தால் எழுந்து அடுத்தவருக்குக் கொடுப்பது மரியாதையாம். டீலர் சின்னக் கையில் முடிப்பது அற்பமாம். முசியே டீலராக இருக்கும்போது தயாராக இருந்த கையைக் கலைத்து, ஒரே இன டைல்களாகச் சேர்க்கக் காத்திருப்பார். அதற்குள் வேறு யாராவது முடித்துவிடுவார்கள். இரு மடங்கு கொடுத்துவிட்டுப் பிரபு மாதிரி சிரிப்பார். கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அக்காவும் சாஃப்ட்வேர் அண்ணனும் அந்தச் சிரிப்பைப் பார்த்து ஆட்டம் கற்றவர்கள்.

பெங்களூரில் நடக்கும் போட்டிக்கு எங்கள் மேசையிலிருந்து ஒருவர்தான் போகலாம். அந்த ஞாயிறு முதலிடம் வருபவர் போவதென்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கையில் நான் டீலர். முசியே முன்னணியில், நான் மூன்றாவது. அவர் எவ்வளவு சின்னக் கையில் முடித்திருந்தாலும் போட்டி அவருக்குத்தான். அவரோ அழகான கை சேர்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போட்ட டைலை எடுத்து, மிகச் சின்னக் கையில் நான் முடித்தேன்.

முசியே கைகுலுக்க எழுந்தார். ஆட்டம் முடிந்ததென்று நினைத்துவிட்டார்.

“உக்காருங்க முசியே. டீலர் ஜெயிச்சிருக்கேன். இன்னொரு கை இருக்கு.”

“இங்க எழுந்து குடுக்கறதுதாம்மா பழக்கம்.”

“ரூல்ல அப்படி இல்ல. நான் எழுந்துக்கல.”

அக்கா என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். பெரியவருக்காக விட்டுக்கொடுத்தால் என்ன என்றாள். நான் டைல்களைக் கலக்க ஆரம்பித்தேன்.

அடுத்த கை சீக்கிரமே தயாரானது. ஆனால் நான் காத்திருந்த டைல் வருவது கடினம். டீலர் அதைப் பார்த்துத் தயங்கக்கூடாது. ‘ரீச்சி’ என்று அறிவித்தேன். அதாவது ஒரே ஒரு டைல் வந்தால் போதும், இனி கையை மாற்றமாட்டேன் என்று. டீலரிடம் அகப்பட்டால் ஒன்றரை மடங்கு போகுமே என்று மூவரும் பயந்து, சேர்த்துவைத்திருந்ததைக் கலைத்து, எனக்கு உதவாது என்று நினைத்த டைல்களையே போட்டார்கள். தடுக்க ஆளில்லாத மேசையில் மெதுவாக எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த டைலும் வந்தது. முதலிடத்துக்கும் வந்தேன். கடைசிக் கையில் முன்னணிக்கு வந்த டீலர் அத்தோடு ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினேன்.

முசியே டைல்களைப் பெட்டியில் அடுக்கினார். பிறகு, இப்படி ஜெயித்ததைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்று அடுத்த ஞாயிறு நாலு பேரும் உட்கார்ந்து பேசலாம் என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

பேசட்டும். நான் மாடிப்படி இறங்கும்போதே போட்டி நடத்துபவர்களுக்கு என் பெயரை அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை, நான் வேலை பார்க்கும் ஆபீசில் போட்டி நாளுக்கு லீவும் சொல்லிவிட்டேன்.