வெட்டுப்புழுவும் நாத்தனாரும்

போன வாரம் ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. நகரியில் இருக்கிற என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு அக்கா, தன் மொட்டைமாடித் தோட்டத்தில் நின்றுகொண்டு உள்ளங்கையில் ஒரு மண்புழுவை ஏந்திக் காட்டுகிறார். "இவரு நம்ம தோஸ்துங்க. மண்ணுல நெளியறது எல்லாத்தயும் பூச்சின்னு கொல்லாதீங்க." கீழே சொந்தக்காரர்கள் வரிசையாகக் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் யாருக்குச் சொல்வது! சாத்தான் வேதம் ஓதுகிறது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

வீடியோவுக்கு வாசனை கிடையாது. ஆனால் எனக்கு அந்தப் பொடியின் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. தறிக்கு அடியில் கரப்பானுக்குத் தூவுகிற வெள்ளைப் பொடி. இப்போது நான் இருக்கிற திருச்சானூர் வீட்டில் யாராவது கரப்பான் மருந்து அடித்தால்கூட நான் வாசலுக்கு ஓடிவிடுவேன். ஆஸ்துமா என்று அக்கம்பக்கத்தில் நினைக்கிறார்கள். ஆஸ்துமா இல்லை, ஆத்திரம்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் புத்தூர்ப் பக்கம் பயிர் வைக்கிற வீட்டுப் பெண். ஸ்ரீ சிட்டிக்கு வேலைக்குப் போன கம்பெனி வேனில் பக்கத்து சீட்டுக்காரரைப் பிடித்துப்போய், நகரியில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டுக்கு மருமகளானேன். கல்யாணமான வருஷமே நைனா, அதான் என் அப்பா, போய்விட்டார். நிலத்தை விற்றார்கள், பிளாட் போட்டார்கள், கல் நட்டார்கள். எனக்கென்று வந்தது சாம்பலில் புரட்டி முடிந்து வைத்திருந்த ஒரு பிடி கத்திரி விதை. பச்சைக் காயில் வெள்ளை வரி ஓடும், காம்பில் முள் இருக்கும். நைனா வீட்டைத் தவிர எங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. குழம்பில் போட்டால் வெண்ணெய். சரி, சொந்தக் காயைப் பற்றிச் சொல்லும்போது எல்லாருக்கும் வெண்ணெய்தான்.

தறிக்கூடத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை இருந்தது. கொத்தி, எரு போட்டு, நாற்று நட்டேன். அப்புறம் ஆரம்பித்தது யுத்தம். காலையில் போய்ப் பார்த்தால் நாற்று தரையோடு வெட்டுப்பட்டுச் சாய்ந்து கிடக்கும். முழுசாகத் துன்னுட்டுப் போனாலாவது பசிக்குத் துன்னான் என்று விடலாம். வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவான் படுபாவி. வெட்டுப்புழு. ஆனால் அவன் தூரமாகப் போகமாட்டான். வெட்டிய செடிக்குக் கீழேயே ஒரு விரற்கடை ஆழத்தில் சுருண்டு தூங்குவான். நான் கொண்டை ஊசியைப் பிடுங்கிக் கிளறுவேன், எடுப்பேன், கோழிக்குப் போடுவேன். கோழி விழுங்குகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவேன். அவ்வளவு திருப்தி, சாமி கும்பிட்டால்கூட வராது!

நமக்கு வேண்டியவர்களும் அதே மண்ணில்தான் இருந்தார்கள். இருட்டில் குடுகுடுவென்று ஓடி வெட்டுப்புழுவைப் பிடித்துத் தின்கிற கறுப்பு வண்டு. பூரான். எருவில் இருக்கிற தடித்த வெள்ளைப் புழு, பார்க்கத்தான் அருவருப்பு, மக்கினதை மட்டும்தான் தின்னும். மண்புழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓடுகிறவன் பெரும்பாலும் நம்ம ஆள், செடியடியில் சுருண்டு படுக்கிறவன் எதிரி. இதுதான் என் கணக்கு. மரவட்டையும்தான் தொட்டால் சுருளும், பாவம், அதை விட்டுவிடுவேன்.

நாத்தனாருக்கு இதெல்லாம் புரியாது. தறிக்காரர்களுக்கு ஊர்கிறது எல்லாமே எதிரி. கஞ்சி போட்ட நூலைக் கரப்பான் கடிக்கும், கடித்தால் பாவு இழை அறும், அறுந்தால் தறி நிற்கும். ஆறு கால் கண்டால் அடி, பொடியைத் தூவு. அதுதான் அவர்கள் வளர்ந்த விதம். நான் ஊருக்குப் போயிருந்த சமயம், புதுப்பெண்ணுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று, என் பாத்தி முழுக்க அந்தப் பொடியைக் கோலமாவு மாதிரித் தூவி, தண்ணீரும் ஊற்றிவிட்டார்.

திரும்பி வந்தபோது மண்புழுக்கள் மேலே வந்து காய்ந்து கிடந்தன. வண்டுகள் மல்லாந்து கிடந்தன. "பாத்தியா, எவ்ளோ பூச்சிடி! ஒண்ணு உடல!" என்று பெருமையாகச் சொன்னார். வாயில்லாப் பூச்சி என்று என்னை நினைத்திருந்த வீட்டில் அன்றைக்குப் பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்தது. என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. தறிச் சத்தத்தையும் மீறி மூன்றாம் வீட்டுக்குக் கேட்டதாம். அடுத்த மழைக்கு எங்கிருந்தோ வெட்டுப்புழுவின் தாயான அந்துப்பூச்சி வந்து முட்டையிட்டது. தின்ன வண்டு இல்லை, பூரான் இல்லை. வெட்டுப்புழுவுக்குக் கொண்டாட்டம். என் ஒரு கொண்டை ஊசி எத்தனையைத் தடுக்கும்? ஒரு செடிகூடக் காய்க்கவில்லை. விதையும் மிச்சமில்லை.

அதற்கப்புறம் அவர் வீட்டு விசேஷம் எதையும் நான் தவறவிட்டதில்லை. போனேன், சிரித்தேன், வேலை செய்தேன். அவர் கையால் பரிமாறுகிற கத்திரிக்காயை மட்டும் இலை ஓரம் ஒதுக்கி வைப்பேன். அவர் பார்க்கும்படி. 'அவர்' என்று எழுதுவதுகூட மரியாதைக்குத்தான். மனசுக்குள் வேறே வார்த்தை.

அந்த வீடியோ வந்த மறுநாள் குழுவில் அவரே கேட்டிருந்தார்: "மாடில கத்திரி நாத்து தெனமும் ஒண்ணு ஒண்ணா அடியோட சாஞ்சு கெடக்குது. யாருக்குனா தெரியுமா?" ஒருத்தர் வேப்பெண்ணெய் என்றார், ஒருத்தர் அணில் என்றார், கண்திருஷ்டி என்றுகூட ஒருத்தர் போட்டார். எனக்குத் தெரியும். அவன் எங்கே படுத்திருக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். பதில் எழுதினேன், அழித்தேன். தோஸ்துகளைக் கேட்டுக்கொள்ளட்டும்! தினமும் காலையில் குழுவைத் திறந்து, இன்றைக்கு எத்தனை சாய்ந்தது என்று பார்ப்பேன். காபி இனித்தது.

நேற்று நாத்தனாரிடமிருந்தே போன் வந்தது.

"இன்னாடி, குரூப்ல பாத்துக்கினே இருக்கற, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

"எனக்கு இன்னா தெரியும் அண்ணி?"

"எல்லாம் போச்சுடி. ஒனக்குன்னுதான் வெச்சேன். ஒங்க நைனா கத்திரி. நீ சொன்னாப்பலயே வெள்ள வரி, காம்புல முள்ளு. ஒங்க ஊரு பக்கத்துல ஒரு வீட்டு வேலில ஒரே ஒரு செடி நின்னுக்கினு இருந்துது. பழம் ஒண்ணு கேட்டு வாங்கினேன். காய்ச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"வெத மிச்சம் இருக்குதா?"

"மொத்தத்தயும் போட்டுட்டேனே. அந்த வேலிச் செடியும் பட்டுப் போச்சாம்."

முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மறுபடியும் அவர்மேல்தான் கோபம் வந்தது. "கடைசியா சாஞ்ச செடிக்கு அடியில வெரக்கட தோண்டிப் பாருங்க" என்றேன். போனை வைக்காமலே தோண்டினார். "இருக்குதுடி! கொழுகொழுன்னு!"

"நசுக்குங்க."

"நான் மாட்டேன். நீயே வந்து நசுக்கு. டப்பால போட்டு வெக்கறேன்."

இன்றைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் நகரிக்குப் போனேன். தறிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். என் பாத்தி சிமெண்டுக்கு அடியில் போய்விட்டது. மாடியில் செடியில்லாத வெறும் மண் பைகள். நாத்தனார் டப்பாவை நீட்டினார். மூடியைத் திறந்தேன். நன்றாகத் தின்று கொழுத்துச் சுருண்டு படுத்திருந்தான். நைனா கத்திரி என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவன் வயிற்றில் இருந்ததுதான்.

கீழே போட்டுச் செருப்பால் நசுக்கினேன். பச்சையாக வந்தது.