நடுப்பகலில் போன கரண்ட்

போர்ட் பிளேயரில் ஒரு மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரத் தாமதமாகி, கடைகளில் மது தீர்ந்திருந்தது. லம்பா லைன் பகுதியில் மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடும் முருகன், பாலிஷில் கலக்கும் ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டான். ஊற்றிக் கொடுத்தவன் நண்பன் சேகர். தானும் குடித்து, உடனே வாந்தி எடுத்ததால் அவன் தப்பினான்.

மறுநாள் முருகனைச் சேர்த்திருந்த வார்டுக்கு ரத்தம் எடுக்கப் போனேன்; சேகர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வெயில் முருகனின் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது.

"இருட்டுல எப்படி அக்கா ஊசி குத்துவீங்க?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் முந்திக்கொண்டான். "பிஜிலி போயிடுச்சுடா, கரண்ட் இல்ல. இந்த ஊர்ல என்னிக்குடா ஒழுங்கா இருந்துச்சு?"

முருகன் சிரித்தான். "ராத்திரி ஆயிடுச்சா? அம்மா தேடுமேடா."

"சொல்லிட்டுத்தான் வந்தேன். தூங்கு." சேகரின் குரல் நடுங்கவில்லை; கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் எப்ப வரும் அக்கா?"

நான் அவன் கையைப் பிடித்து நரம்பைத் தேடினேன். ஸ்பிரிட் பறித்த பார்வை முருகனுக்குத் திரும்பவே இல்லை.

குடியின் கேடுகளைப் பயிற்சியில் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தவள் நான். இப்போது இளைஞர்களிடம் அந்த வரிசையைச் சொல்வதில்லை. கரண்ட் எப்ப வரும் என்று முருகன் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் சொல்கிறேன்.