மாடிப்படிக்கு அடியில் எண்பது டிகிரி

அவனுக்கு எண்பது என்று பட்டப்பெயர் வைத்தவள் அவனுடைய அண்ணிதான். வயது நாற்பத்திரண்டு, பெயருக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் அவன் ஒரு சர்வர் கம்ப்யூட்டரை ராப்பகலாக ஓடவிட்டிருந்தான். அதன் பிராசசர் எண்பது டிகிரியைத் தாண்டினால் அலமாரியின் மேல் அவன் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கர் கூவும். உடனே அவனும் "எண்பது! எண்பது!" என்று கத்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்குவான். முதல் தடவை வீடு பற்றிக்கொண்டதோ என்று எல்லோரும் ஓடி வந்தார்கள். அடுத்த தடவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரே பெட்டியை அவன் சாஃப்ட்வேர் போட்டு நான்கு கம்ப்யூட்டர்களாகப் பிரித்து வைத்திருந்தான். ஒன்று அண்ணனின் பெயின்ட் கடைக்குப் பில் போட்டது. ஒன்று வாசல் கேமராவுக்கு. ஒன்றில் வீட்டுப் புகைப்படங்கள். கடைசி ஒன்றுக்குச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. நான்கு குடித்தனம், ஒரே அடுப்பு. அடுப்புக்கு ஏதாவது ஆனால் நான்கு வீட்டிலும் பட்டினி. அதனால் அவன் சூட்டைக் கைக்குழந்தையின் ஜுரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். வேறு எதையும் அவன் அப்படிப் பார்த்ததில்லை. அலமாரியை ஒட்டிய அறையில் அண்ணியின் அப்பா பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். அந்த அறைக்குள் எண்பது தலையை நீட்டுவது ஃபியூஸ் பெட்டி அங்கே இருந்ததால் மட்டுமே.

பிழைப்புக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. மாடியறையில் உட்கார்ந்தபடி, பணம் கேட்டு வருகிறவர்களுக்கு ஏன் தர முடியாது என்று எழுதி அனுப்புவான். குணத்துக்கேற்ற வேலை.

அவனுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். "பெட்டிக்கு விசிறி மேல விசிறி. உள்ள ஒரு மனுஷன் வேர்த்துக் கிடக்கறாரு" என்பாள் அவள். "அவருக்குத்தான் ஜன்னல் இருக்கே, என் பெட்டிக்கு இருக்கா?" என்பான் இவன். ஒருநாள் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தியபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இங்க பாருடா. என் கடை பில் ஓடுதுன்னுதான் இந்தச் சனியனைச் சகிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அது நின்னுச்சுன்னா, படிக்கட்டுக்கடியில அதுக்கு இடம் கிடையாது."

வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை அதுதான். அதை விட்டால் மிச்சம் அவனுடைய மாடியறை. அதற்குத் தகரக் கூரை.

மழைக்காலம் வந்ததும் ஒரு புதுத் தலைவலி. காலை பத்து மணி வாக்கில் சூடு ஏறும், ஸ்பீக்கர் கூவும். அவன் மீட்டிங்கிலிருந்து கழன்று இறங்கி வருவதற்குள் சூடு தானாக இறங்கிவிடும். போனில் வரைபடத்தைத் திறந்தால் தினமும் அதே நேரத்தில் ஒட்டகத் திமில்போல ஒரு மேடு. பேக்கப் ஓடும் நேரத்தை மாற்றினான். பெட்டியைப் பிரித்துத் தூசி ஊதினான். பிராசசர் மேல் சூடு கடத்தும் புதுப் பசை தடவினான். விசிறி ஒன்று கூட்டினான். ஒட்டகம் அசையவில்லை.

ஒரு நாள் மீட்டிங் நடுவே ஸ்பீக்கர் கூவியபோது அவனுடைய மேனேஜர், "வீட்ல குழந்தை அழுதா? போய்ப் பாருங்க, நாங்க வெயிட் பண்றோம்" என்றார். எண்பது கல்யாணமே ஆகாதவன். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே எச்சரிக்கை எல்லையை எண்பதிலிருந்து நூறுக்குத் தூக்கி வைத்தான். நூறைத் தொட்டால் அந்த இயந்திரம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். கூவுவதற்கும் சாவதற்கும் ஒரே கோடு. அது அவனுக்குத் தெரியாததல்ல. எப்படியும் தொண்ணூறுக்கு மேல் போனதில்லையே என்று இருந்துவிட்டான். நோயாளிக்குப் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது என்று மணியின் வாயைக் கட்டுகிறவர்களை ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம்.

சில வாரம் வீடு அமைதியாக இருந்தது. பிறகு, கடையில் கூட்டம் நெரியும் ஒரு முற்பகலில் பில் நின்றுபோனது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தார்.

"எங்க அவன்?"

எண்பது இறங்கி வந்தபோது அலமாரி மூச்சில்லாமல் கிடந்தது. அதன் பின்பக்கம், சூடான காற்று வெளியே வரும் சட்டத்தின் மேல், ஒரு தடித்த படுக்கை விரிப்பு நான்காக மடித்துப் போர்த்தியிருந்தது. ஈரம் முக்கால்வாசி காய்ந்திருந்தது. எண்பதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியாண்ணே! பாத்தியா! தினம் பத்து மணிக்கு ஏறுதே, ஏறுதேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். உன் பொண்டாட்டி என் சர்வர்ல துணி காயப்போடறாங்க!"

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். "ஆமா, காயப்போட்டேன். பத்து மணிக்குத்தான் அப்பாவுக்கு உடம்பு துடைச்சு விரிப்பு மாத்துவேன். மழையில எங்க காயும்? ஈர விரிப்புல படுக்கவெச்சா முதுகு பிஞ்சுடும். நீங்களா வந்து மருந்து போடுவீங்க?"

"பெட்டி செத்துப்போச்சு அண்ணி!"

"சாகற வரைக்கும் விட்டது யாரு? தினமும்தான் போட்டேன். அது கத்தும், நான் எடுத்துடுவேன். கத்தினா துணி காஞ்சுடுச்சுன்னு கணக்கு. இப்பக் கொஞ்ச நாளா கத்தவே இல்ல. சரி, ஒருவழியா ரிப்பேர் பண்ணிட்டார்போலன்னு தடிசான விரிப்பையும் போட்டேன். ஏன் கத்தல?"

எண்பது மேலேயிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தான். இத்தனை நாளாக அவனுடைய எச்சரிக்கைக்குக் காது கொடுத்து, உடனே ஓடிவந்து, சூட்டை இறக்கிய ஒரே ஆள் அவள்தான். சூட்டை ஏற்றியவளும் அவளேதான்.

அண்ணன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டார். "கேக்கறால்ல? ஏன்டா கத்தல?"

"ஸ்பீக்கர் ரிப்பேர்."

"நேத்து கரண்டு போய் வந்தப்போ கீச்சுன்னுச்சே" என்றாள் அண்ணி. "நல்லாத்தானே இருந்துச்சு."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன். "மீட்டிங்ல தொந்தரவா இருந்துச்சு. ஏத்தி வெச்சேன்" என்றான்.

"எவ்வளவுக்கு?"

"நூறு."

"செத்ததுக்கப்புறம் சங்கு ஊத வெச்சிருக்கே" என்றார் அண்ணன். "நீயும் உன் கண்காணிப்பும். தூக்கிட்டுப் போடா. உன் கட்டில் பக்கத்துலயே வெச்சுத் தாலாட்டு."

"அங்க தகரம் கொதிக்கும்ணே. விரிப்பு போட்டது அவங்க—"

"தூக்குடா."

தூக்கினான். பெட்டி தலைமாட்டுக்கு வந்தது. விசிறிகள் காதுக்குள் இரைந்தன. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தால் போதும், அறை அடுப்பானது. இதே சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு நோயாளியை மாதக்கணக்கில் கிடத்தியிருந்தோம் என்று அவனுக்குத் தோன்றியதா என்றால், தோன்றவில்லை. தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்பது மட்டும் தோன்றியது.

கீழே அண்ணிக்கும் சுகமில்லை. விரிப்புகள் காயவில்லை. ஒரு காலை அப்பாவைப் புரட்டியபோது இடுப்பெலும்புக்கு மேல் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். சிவப்பு வெளுக்கவில்லை. அடுத்தது புண்தான் என்று அவளுக்குத் தெரியும்.

வாளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கதவைத் தட்டவில்லை. மீட்டிங்கில் இருந்த எண்பது மைக்கை அணைத்துவிட்டு, "என்ன இது?" என்றான்.

அவள் நாற்காலி ஒன்றை இழுத்து, பெட்டியின் பின்னால் ஒரு முழம் தள்ளிப் போட்டு, விரிப்பை அதன் முதுகில் தொங்கவிட்டாள்.

"அண்ணி, இது என் ரூம்."

"எண்பதுல வைங்க."

"நீங்க எனக்குச் சொல்லிக் குடுக்க வேண்டாம்."

"யாரு சொல்லிக் குடுத்தா? வைங்க. கத்தினா வந்து எடுத்துக்கறேன். இன்னொரு தடவை பில் நின்னா இந்த ரூமும் உங்களுக்கு இல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

காலி வாளி படிதோறும் இடிபட அவள் இறங்கிப்போனாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லையை எண்பதுக்கு இறக்கினான்.

அது கூவியபோது மேனேஜர் மறுபடியும் குழந்தையை விசாரித்தார். எண்பது படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "துணி!" என்று கத்தினான்.

"காது கேக்குது, கத்தாதீங்க!" என்று கீழேயிருந்து அவளும் கத்தினாள். படியேறி வரும் சத்தம் கேட்டது.