கேமராவை மறைத்த தடியங்காய்

குளச்சல் முகம்மது மீரான் சவூதியின் தம்மாமில் எண்ணெய்க் கிடங்கு ஒன்றுக்குக் காவல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இங்கே கடலோரத்து மணல் கிடங்கு ஒன்றில் ஒப்பந்தக் காவலராகச் சேர்ந்தார். அங்கே மூட்டை மூட்டையாக மோனசைட் என்ற தாது மணல் இருந்தது. அதற்குள் தோரியம், அணு உலைக்கு ஆகிற சரக்கு. மகள் தஸ்ரின் நர்சிங் முடிக்கும்வரை அந்தச் சீருடையைக் கழற்ற முடியாது.

கிடங்கு வாசலில் புதிதாகக் கேமரா வந்தது. பாதுகாப்பு அதிகாரி குமாரதாஸ் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர். அதனால் கேமராவுக்குக் கண் பட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாக்கை நீட்டிய பூதம் வரைந்த தடியங்காய் ஒன்றை, அதாவது திருஷ்டிப் பூசணிக்காயை, பூஜை செய்து, கேமராவுக்கு நேர் எதிரே கட்டித் தொங்கவிட்டார். தோரியம் பாதியாகக் குறைய ஆயிரத்து நானூறு கோடி ஆண்டுகள் ஆகும். அதைக் காக்க வந்த காயோ மாதம் ஒருமுறை அழுகும்.

"சார், திரையில காய் மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் தள்ளிக் கெட்டினா நல்லது."

"ஓய் மீரானே, பூஜை பண்ணிக் கெட்டினதாக்கும். நீரு கை வச்சிராதயும். பொறவு பிரச்சினை வேற மாதிரி ஆவும்."

எந்த மாதிரி என்று மீரான் கேட்கவில்லை. தன் பெயர் முகம்மது என்று தொடங்குவது அவருக்கு மறந்துவிடவில்லை.

"கம்பு வச்சுத் தட்டினா விழாதா?" என்றாள் வீட்டில் மனைவி மைமூன் பீவி.

"விழும். எனக்க வேலையும் கூடச் சேந்து விழும்ட்டி."

கிடங்கின் பாதுகாப்பில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க மத்தியக் குழு வந்தது. குளிர் அறையில் அமர்ந்து திரையைப் பார்த்தது. திரை முழுக்கப் பூதம்.

"இதைக் கட்டியது யார்?" என்றார் குழுத் தலைவர்.

"காவல்காரன் சார்," என்றார் குமாரதாஸ், கூசாமல்.

"நானா? நான் எதுக்கு சார் தடியங்காய்க்குப் பூஜை பண்ணணும்?" என்றார் அறை ஓரத்தில் நின்ற மீரான்.

குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். தலைவர் சிரிக்கவில்லை. "சரி, நீ ஏன் அதை அவிழ்க்கவில்லை?"

"அவுத்திருந்தா, மீரான் எதுக்கு அவுத்தாம்னுல்லா இப்பம் கேட்டிருப்பிய!"

தலைவர் குறிப்பேட்டை மூடினார். அறிக்கை பேசியது: கண்டறியப்பட்ட ஒரே பலவீனம், காவலரின் விழிப்பின்மை. காயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம்பிக்கை சார்ந்த விஷயமாம். குமாரதாசை மேற்பயிற்சிக்கு டெல்லிக்கு அனுப்பப் பரிந்துரை வேறு.

வேலை போனதால் சீருடையை ஒப்படைக்க வந்த மீரானிடம், "மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதயும்," என்றார் குமாரதாஸ்.

"இல்ல சார். ஒரு ஸ்டூல் மட்டும் வேணும்."

நட்ட நடுப்பகலில், எல்லோரும் பார்த்திருக்க, மீரான் ஏறிக் கயிற்றை அறுத்தார். காய் சிதறியது. இழக்க இனி வேலை இல்லை.

கேமரா முதன்முதலாக ஒரு மனித முகத்தைத் தெளிவாகப் பதிவு செய்தது. அந்தப் பதிவோடுதான் குமாரதாஸ் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார், மத உணர்வு புண்பட்டுவிட்டதென்று.