றொசல்லையில் இறங்கிய நாள்

மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடித்தபின், உதிர்ந்த முடி திரும்பி வந்தது. ஞாபகம் மட்டும் வரவில்லை. படித்த நாவலையே புதிதுபோலப் படித்தேன், புத்தகச் செலவு மிச்சம். கணவரோ, "நீ அசையாம படுத்துக்க" என்று கட்டிலோடு கட்டிப்போடாத குறை.

ஒருநாள் ஹட்டனிலிருந்து திரும்பும்போது, எங்கள் ஊரான வட்டவளைக்கு முன்பே றொசல்லையில் இறங்கிவிட்டேன். ரயில் போனபிறகுதான் உறைத்தது. நோய் மூளைக்கு ஏறிவிட்டதோ என்ற பயத்தோடே வீடுவரை நடந்து, கணவரிடம் அழுதேன். அவர் கிளினிக்குக்கு அழைத்துப் போனார்.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "மூளையில ஒன்னும் இல்லைங்க. இந்த மருந்துக்கு அப்புறம் சிலருக்கு மறதி வரும். படுத்தே கெடக்காம நடங்க, தலைக்கும் நல்லது."

கணவர் கூரையைப் பார்த்தார்.

இப்போது இருவரும் வேண்டுமென்றே றொசல்லையில் இறங்கி நடக்கிறோம். மறதி முழுதாகப் போகவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. நேற்று அவர் மூச்சு வாங்கியபடி, "வீட்டுக்கு இன்னும் எத்தன வளைவு இருக்கும்மா?" என்றார்.

"மூனுங்க."

எண்ணிக்கொண்டே நடந்தோம். மூன்றேதான். நான் கடவுளுக்கு நன்றி சொல்லிக் கைகூப்பினேன். கணவர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.