மினி பஸ்ஸில் என் சிரிப்பு

இன்று குற்றாலம் போகும் மினி பஸ்ஸில், சாரலுக்கு நடுவே, டிரைவர் ஓடவிட்டிருந்தது கல்லூரியில் நான் தேயத் தேயக் கேட்ட இங்கிலீஷ் சிந்த்-பாப் ஆல்பம்.

செத்தவன் தன் சவ ஊர்வலத்தையே கிண்டலடிக்கும் பாட்டு. நடுவில் ஒரு சிரிப்பு.

அது என் சிரிப்பு. இரண்டு டேப் ரெக்கார்டரை எதிரெதிரே வைத்துக் காப்பி எடுத்தபோது அடக்க முடியாமல் சிரித்தது, அதுவும் பதிவாகிவிட்டது. அந்தக் கேசட்டை ஹாஸ்டலில் எவனோ சுட்டுவிட்டான்.

டிரைவரிடம் கேட்டேன்.

"எங்க சித்தப்பா கேசட்ல இருந்து பென்டிரைவ்ல ஏத்துனது அண்ணாச்சி. தினம் கேக்கேன், சலிக்கவே மாட்டுக்கு. நெட்ல இந்தச் சிரிப்பு இல்ல. சிரிச்ச ஆளு அப்பமே செத்துட்டாராம்லா."

"அது நான்தான் தம்பி" என்று சிரித்துக் காட்டினேன்.

கண்ணாடியில் என்னையே பார்த்தான். "இல்ல அண்ணாச்சி, அது வேற ஆளு."

ஹாஸ்டல்காரர்களே, சுட்டது யாரென்று கேட்கவில்லை. நான் எப்படிச் செத்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.